பதிவேட்டில் ஏறாத மேகம்

1

மேகத்துக்கு வரலாறு உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். பத்து நிமிஷத்தில் கலைந்துபோகிற ஒன்றுக்கு என்ன வரலாறு? ஆனால் மேகத்தைப் பார்த்ததற்கு வரலாறு உண்டு. யார் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள், பார்த்ததில் எதை எழுதி வைத்தார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அந்த வரலாற்றில் அடங்கும். இக்கட்டுரை அப்படி எழுதாமல் விடப்பட்ட ஒரு மேகத்தைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆடி மாதம். தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவில், மூன்றாம் மாடியில் குடியிருந்தேன். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, சீக்கிரம் வா, கடல் மேல ஏறிடுச்சு பாரு" என்று கத்தினார். போய்ப் பார்த்தேன். வடக்கே, நுங்கம்பாக்கம் பக்கமாக, மெல்லிய வெள்ளை மேகப் பட்டை ஒன்று. அதன் மேல்விளிம்பில் நான்கைந்து அலைகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் எழும்பிச் சுருண்டு நின்றன. பெசன்ட் நகர் கடற்கரையில் உடையப்போகிற அலையைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. கீழே இறங்கி வீட்டில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்புவதற்குள் எதுவும் இல்லை. "போயிடுச்சு" என்றார் அக்கா, துணியை மடித்துக்கொண்டே.

வானிலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் பிறகு இதைச் சொன்னேன். அவர் நம்பாமல் இல்லை. "நீங்க பார்த்திருக்கலாம். அந்த நேரம் ட்யூட்டியில இருந்தவரும் பார்த்திருக்கலாம். ஆனா எழுதறதுக்கு அதுக்குன்னு நம்பர் கிடையாதுங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இதை எழுதத் தூண்டியது.

2

முதலில், பார்த்தது என்ன என்பதைத் தீர்மானித்துக்கொள்வோம். அலைபோலத் தெரிகிற மேகமெல்லாம் ஒன்றல்ல.

ஏர் ஓட்டிய வயல்போல இணைகோடுகளாக வானம் முழுக்கப் பரவியிருப்பது 'உண்டுலாட்டஸ்'. இது அபூர்வமில்லை, நீண்ட நேரம் நிற்கவும் நிற்கும். மலைமேல் ஏறி இறங்குகிற காற்றில் அசையாமல் நிற்கிற பயறு வடிவ மேகம் வேறு. பரங்கிமலையைத் தவிர மேடு இல்லாத சென்னையில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மேகத்தின் அடிப்பரப்பு ஒழுங்கே இல்லாமல் கொந்தளித்து, கடலுக்கு அடியில் படுத்துக்கொண்டு நீர்ப்பரப்பை அண்ணாந்து பார்ப்பதுபோலத் தோன்றினால் அது 'ஆஸ்பெரிடாஸ்'. அது உருவாகும் விதம் பற்றி இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நான் பார்த்தது இவை எதுவுமல்ல. மேல்விளிம்பில் மட்டும் அலை, எல்லா அலையும் ஒரே பக்கம் சுருள்வது, சில நிமிஷ ஆயுள். இந்த மூன்று அடையாளமும் சேர்ந்தால் அது 'ஃப்ளக்டஸ்'. இயற்பியலாளர்கள் இதைக் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலை என்பார்கள்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868-லும் கெல்வின் 1871-லும் எழுதிய கணிதம்தான் இதன் அடிப்படை. இரண்டு பாய்மங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு வேகத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேக வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் இடையிலுள்ள எல்லை நேராக நிற்காது. நெளியும், எழும்பும், மேலே போகிற காற்று இழுக்கும் பக்கமாகச் சுருளும். கெல்வின் யோசித்தது காற்று கடல்மேல் அலை எழுப்புவதைப் பற்றி. வானத்தில் மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று. எல்லையில் மேகம் இருந்தால் அலை கண்ணுக்குத் தெரியும். மேகம் இல்லாவிட்டாலும் அலை இருக்கும். விமானத்தில் போகிறவருக்குக் குலுக்கலாகத் தெரியும். அந்த அக்கா 'கடல்' என்று சொன்னது உவமை மட்டுமல்ல. இரண்டும் ஒரே கணக்கு.

3

மேகத்துக்கு வடிவத்தை வைத்துப் பெயரிட்ட கதை 1802-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பாரிஸில் லாமார்க் ஒரு பட்டியல் போட்டார். எல்லாம் சாதாரணப் பிரெஞ்சுச் சொற்கள். தெருவில் போகிறவருக்கும் புரியும். அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் மருந்து தயாரிப்பாளரான லூக் ஹோவர்ட் இன்னொரு பட்டியலை வாசித்தார். சிர்ரஸ், கியூமுலஸ், ஸ்ட்ராட்டஸ், நிம்பஸ், எல்லாம் லத்தீன். யாருடைய தாய்மொழியும் அல்லாத மொழி. ஹோவர்டின் பட்டியல் ஜெயித்தது. செடிகொடிகளுக்கு லின்னேயஸ் செய்ததை வானத்துக்கும் செய்துவிட முடியும் என்ற நம்பிக்கை அது.

ஆனால் செடி நிற்கும், மேகம் நிற்காது. ஒரு கியூமுலஸ் கண்ணெதிரிலேயே வேறொன்றாக மாறும். ஹோவர்ட் இதை அறிந்தவர். அதனால்தான் தன் கட்டுரையில் 'வகைகள்' என்று சொல்லாமல் 'மாற்றங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பின்னால் வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. மேக வடிவங்கள் உலகெங்கும் ஒன்றே என்று ரால்ஃப் அபர்க்ரோம்பி உலகைச் சுற்றிவந்து 1887-இல் எழுதினார். 1896-இல் சர்வதேச மேக அட்லஸ் வெளிவந்தது. ஸ்வீடனிலும் சென்னையிலும் ஒரே படத்தை வைத்து ஒரே பெயரை எழுதலாம் என்றாயிற்று.

ஹ்யூபர்ட் டாமிஷ் 1972-இல் மேகத்தைப் பற்றி ஒரு கோட்பாட்டு நூல் எழுதினார். அவர் கவனப்படுத்துகிற நிகழ்ச்சி ஒன்றுண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளோரன்ஸில் ப்ரூனெல்லெஸ்கி நேர்க்கோட்டு முறையில் ஞானஸ்நானக் கோயிலைப் பலகையில் தீட்டிக் காட்டினார். கட்டடம், சதுக்கம் எல்லாம் கோட்டுக்குள் வந்தன. வானத்தை மட்டும் அவர் தீட்டவில்லை. அந்த இடத்தில் மெருகேற்றிய வெள்ளியைப் பதித்து, நிஜ மேகங்கள் அதில் பிரதிபலித்துப் போகும்படி விட்டுவிட்டார். அளக்க முடிந்ததை வரைந்தார், அளக்க முடியாததைக் கண்ணாடியிடம் ஒப்படைத்தார். தன் முறையின் எல்லை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதிவேடுகளுக்கு அப்படிப்பட்ட வெள்ளித்தகடு கிடையாது. கட்டத்துக்குள் வராதது அங்கே பிரதிபலிப்பதில்லை, விடுபட்டுப்போகிறது.

4

இந்த இடத்தில் 'மேற்கத்திய வகைப்பாடு இப்படி. நம் மரபோ மேகத்தை மேகமாகவே பார்த்தது' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம். அது உண்மையாக இருக்காது.

தமிழில் மேகத்துக்குப் பெயர்கள் ஏராளம். நிகண்டுகள் வரிசையாகத் தருகின்றன. முகில், மஞ்சு, எழிலி, மங்குல், கொண்டல், கார், மாரி, புயல். இந்தச் சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சங்கத் தமிழில் 'மழை' என்றால் மேகம் என்றும் பொருள். 'புயல்' என்றாலும் மேகம். 'கார்' நிறமும் மேகமும் பருவமும் ஆகும். 'கொண்டல்' கீழ்காற்று, அது கொண்டுவரும் மேகமும் அதுவே. ஆக, இந்தப் பெயரிடலில் பெரும்பகுதி மேகத்தின் பயனையும் நிறத்தையும் திசையையும் சார்ந்தது. வடிவத்துக்கு இங்கே பெரிய வேலையில்லை. ஏரியையும் கண்மாயையும் நம்பி வாழ்ந்த சமூகம் மேகத்திடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பெய்வாயா, மாட்டாயா?

பஞ்சாங்கமும் அதையே கேட்டது. ஆண்டுதோறும் மேகாதிபதி யார், இந்த வருஷத்து மேகம் எது என்று சொல்கிற பஞ்சாங்கம், பெய்யப்போகிற மழையின் கணக்கைத்தான் சொல்ல முயல்கிறது. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் பதினான்கு நாள் அளவிலான காலத்தைக் கர்ப்போட்டம் என்பார்கள். அந்நாட்களில் மேகம் ஓடும் திசை, அடர்த்தி, தூறல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வருகிற ஆண்டின் மழையை ஊகிப்பது வழக்கம். வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையிலும் மேகக் கருவைப் பற்றிய அத்தியாயம் உண்டு. கரு தங்கிய 195-ஆம் நாள் மழை என்கிறது அது. கணிப்பு பலித்ததா என்பது வேறு விஷயம். நாள்தோறும் வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒழுங்கு இங்கே இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஒழுங்கும் மழையை நோக்கியதே. அலைமேகம் மழை தராது. எனவே நிகண்டுக்கோ பஞ்சாங்கத்துக்கோ அது தேவைப்படவில்லை. நம் பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

5

அன்று அந்த மேகம் நின்ற திசையில்தான், தேனாம்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், இந்நகரம் வானத்தை எழுதி வைத்த இடம் இருக்கிறது. வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் வைத்திருந்த சொந்த வானாய்வுக் கூடத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிலைநிறுத்தியது. கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூணில் லத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் கல்வெட்டு. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் ஆசியாவில் கணித விஞ்ஞானத்தை நட்டவர் யார் என்று தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1796 முதல் இங்கே வானிலைக் குறிப்புகளும் எழுதப்பட்டன.

எதற்காக எழுதினார்கள்? கப்பலுக்காக, வரிக்காக. பின்பு பஞ்சத்துக்காக. 1864-இன் கல்கத்தாப் புயல், 1866-லும் 1871-லும் பொய்த்த பருவமழை இவற்றைத் தொடர்ந்து 1875-இல் இந்திய வானிலைத் துறை உருவானது, பொறுப்பு எச்.எஃப். ப்ளான்ஃபோர்டுக்கு. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. 1876-78-இல் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பிறகு மழை அளவு நிர்வாகத்தின் உயிர்நாடியான எண்ணாகிவிட்டது. பெய்யாத மேகத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது அந்த நிர்வாகத்தின் வேலை இல்லை. சாகிறவர்கள் பக்கம் நின்று பார்த்தாலும் அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் எழுதிய கைகள் யாருடையவை என்று கேட்டாக வேண்டும். சிந்தாமணி ரகுநாதாசாரி அங்கே உதவியாளராக இருந்தவர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார்; 1874-இன் வெள்ளி இடைநகர்வைப் பற்றி நம் ஜனங்களுக்குப் புரியும்படி எழுதினார்; பஞ்சாங்கத்தைக் கண்ணால் காணும் வானத்தோடு பொருந்தும்படி திருத்த வேண்டும் என்று வாதாடினார். இயக்குநர் நார்மன் போக்ஸனின் மகள் ஐஸிஸ் போக்ஸன் 1873 முதல் அங்கே கணிப்பாளராக வேலை பார்த்தவர். 1881 முதல் மாகாண அரசின் வானிலை அறிக்கைப் பொறுப்பும் அவருடையதே. 1886-இல் லண்டனின் ராயல் வானியல் சங்கத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. சங்கத்தின் சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்கும் இடமெல்லாம் 'அவன்' என்றே இருக்கிறது, ஆகவே பெண்ணுக்கு இடமில்லை என்று வக்கீல்கள் சொல்ல, முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 1920-இல்தான் அவர் உறுப்பினரானார். மாகாணம் முழுக்கப் பெய்த மழையைத் தொகுத்தவருக்கு ஒரு பிரதிப்பெயர் வழிவிடவில்லை. வகைப்பாடு மேகத்தை மட்டும் வெளியே நிறுத்துவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

6

பதிவேட்டை மீறியும் வானம் சில சமயம் பேசியிருக்கிறது. 1883 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னையில் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாக அஸ்தமித்தது. கிறித்துவக் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நிறமாலைக் கருவியை அதன் பக்கம் திருப்பினார். காரணம், ஆகஸ்ட் 26-27-இல் வெடித்த கிரகடோவா எரிமலை. அதன் தூசி பூமத்தியரேகை ஓரமாக மேற்கு நோக்கி ஓடி இரண்டு வாரத்தில் உலகைச் சுற்றிவிட்டது. மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று வீசுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்கும் கீழே இன்னொரு கிழக்குக் காற்று இருப்பதை நிறுவியவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடேஸ்வரம். 1958-இல் வெளியான அவருடைய கட்டுரை வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்றை விவரித்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, சுமார் 14-16 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை ஒட்டி அது பாய்கிறது. வேகம் சில நாட்களில் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டும். திருப்பதிக்கு அருகே காதங்கியிலுள்ள ரேடார் இந்தக் காற்றையும் அதை ஒட்டிய கொந்தளிப்பையும் 1990-களிலிருந்து ஆராய்ந்து வருகிறது.

இப்போது ஓர் ஆடி மாதச் சாயங்காலத்தில் தேனாம்பேட்டைக்கு மேலே என்ன நடக்கிறது என்று அடுக்கிப் பாருங்கள். தரையை ஒட்டி, கடற்காற்று, கிழக்கிலிருந்து வருகிறது. அதன் மேலே தென்மேற்குப் பருவத்தின் மேற்குக் காற்று. எல்லாவற்றுக்கும் மேலே கிழக்குத் தாரைக்காற்று. இரண்டு கிழக்குக் காற்றுகளுக்கு நடுவே ஒரு மேற்குக் காற்று. மூன்று அடுக்கு, இரண்டு எல்லை. கெல்வின் கேட்டதும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கேட்டதும் இந்த ஏற்பாட்டைத்தான். அலைமேகத்துக்கு இந்த வானம் அந்நியமில்லை.

அப்படியானால் நாங்கள் பார்த்தது எந்த எல்லையில்? விடை அலை சுருண்ட பக்கத்தில் இருக்கிறது. மேலே உள்ள காற்று போகிற பக்கம்தான் அலை சுருளும். உயரத்து எல்லையென்றால் மேற்கே, கோடம்பாக்கம் பக்கம் சுருண்டிருக்க வேண்டும். கடற்காற்றின் எல்லையென்றால் கிழக்கே, மெரினா பக்கம். நான் அதைக் கவனிக்கவில்லை. வடிவத்தின் அழகில் மயங்கி நின்றவனுக்குத் திசை நினைவில்லை.

அக்காவிடம் கேட்டேன். மாதங்கள் ஆகியிருந்தன. யோசிக்காமல் சொன்னார்: "பீச் பக்கமாத்தான் சுருண்டுச்சு. நான்தான் வலது கையில துணியை வச்சிக்கிட்டு நின்னேனே, அந்தப் பக்கம்." வடக்கே பார்த்து நின்றவருக்கு வலது கை கிழக்கு. ஒரே சாட்சி, அதுவும் நினைவிலிருந்து. தீர்ப்பெழுத இது போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கையிலிருக்கும் ஒரே தரவு இதுதான். அதன்படி அது நகரத்துக்கு வெகு அருகில், கடற்காற்றும் மேற்குக் காற்றும் உரசிய எல்லையில், அதிகம் போனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் எழுந்த அலை.

7

நண்பர் சொன்ன 'நம்பர்' கதைக்கு வருகிறேன். இன்றும் உலகெங்கும் வானிலை நிலையங்கள் வானத்தை எண்களாகத்தான் அனுப்புகின்றன. எட்டில் எத்தனை பங்கு மேகம் என்பதற்கு ஓர் எண். கீழ்மேகம், நடுமேகம், மேல்மேகம் என்ற மூன்றுக்கும் மேகமின்மையைச் சேர்த்து 0 முதல் 9 வரை தலா ஓர் எண். அதாவது வானத்துக்கு அனுமதிக்கப்பட்ட நிலைகள் 30. இங்கே முக்கியமான பதிவு நேரங்களில் ஒன்று மாலை ஐந்தரை. நாங்கள் மாடியில் நின்ற அதே நேரத்தில் ஒருவர் நுங்கம்பாக்கத்தில் அதே வானத்தைப் பார்த்து எண் எழுதியிருப்பார். சரியாகத்தான் எழுதியிருப்பார். அந்த எண்களில் அலை இருக்காது.

2017 மார்ச்சில் உலக வானிலை அமைப்பு மேக அட்லஸைத் திருத்தி வெளியிட்டபோது ஃப்ளக்டஸும் ஆஸ்பெரிடாஸும் பெயர் பெற்றன. ஆஸ்பெரிடாஸின் கதை சுவாரஸ்யமானது. 2006-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எடுக்கப்பட்ட ஒரு படம், மேகங்களை ரசிப்பதற்காகவே இங்கிலாந்தில் 2005-இல் தொடங்கப்பட்ட ஒரு சங்கத்துக்குப் போனது. அதுபோன்ற படங்கள் பல நாடுகளிலிருந்து குவிய, 'இதற்குப் பெயர் வேண்டும்' என்று 2009 வாக்கில் அந்தச் சங்கம் கேட்டது. கேட்டவர்கள் உத்தியோகஸ்தர்கள் அல்ல. சும்மா வானம் பார்க்கிறவர்கள். கட்டத்தைக் கட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் மாற்றினார்கள். ஆனால் கிடைத்த பெயர் மறுபடியும் லத்தீன். அயோவாவிலிருந்து ஒரு குரல் போய்ச் சேர்ந்தது. தேனாம்பேட்டை மாடியிலிருந்து போய்ச் சேருமா?

நம் பாடப்புத்தகங்களில் கீற்றுமேகம், படைமேகம், திரள்மேகம் என்ற சொற்கள் உண்டு. நல்ல சொற்கள், அவை ஹோவர்டின் லத்தீனிலிருந்து வந்தவை. அலைமேகத்துக்கு மொழிபெயர்ப்பு தேடாமலே ஒரு சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது: 'திரை'. அலையும் திரைதான், தோலின் சுருக்கமும் திரைதான், மறைக்கும் துணியும் திரைதான். திரைமேகம் என்று சொல்லிப் பார்க்கலாம். இது என் யோசனை. நாளை மீனவர் குப்பத்திலோ கரிசல் காட்டிலோ ஏற்கனவே வழங்கும் சொல் ஒன்று கிடைத்தால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சொல்லைவிட முக்கியமானது சாட்சியம். அடுத்த முறை பார்க்கிறவர்கள் நான்கு விஷயம் குறித்துக்கொண்டால் போதும்: எத்தனை மணி, எந்தத் திசையில், எத்தனை அலை, எந்தப் பக்கம் சுருண்டது. நான் நான்காவதைத் தவறவிட்டேன். துணி எடுக்க வந்தவர் தவறவிடவில்லை. அவர் பெயரை எந்த அட்லஸும் கேட்கப்போவதில்லை என்பதால், அவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்: பீச் பக்கம்.